வட்டம் வந்தது சரி, வெறும் ஸ்பிரிட் காகிதம் எங்கே?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆய்வகத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். செடிச் சாறு கிருமியைத் தடுக்கிறதா என்று பள்ளியிலேயே சோதிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

குன்னூர், பிளஸ் ஒன் மாணவி: உண்ணிச்செடி இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சாற்றில் தோய்த்த காகித வட்டத்தை, தட்டில் கிருமி வளர்க்கும் கூழான அகார் மேல் வைத்தேன். சுற்றி 14 மில்லிமீட்டருக்குக் கிருமி வளரவில்லை. இது மருந்தாகுமா சார்?

காகிதத்தை நன்றாக உலரவிட்டாயாம்மா? ஸ்பிரிட்டே கிருமியைக் கொல்லும், ஈரத்தோடு வைத்தால் வட்டம் இலையால் வந்ததா ஸ்பிரிட்டால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் ஸ்பிரிட்டில் நனைத்து, அதே நேரம் உலர்த்திய இன்னொரு காகிதம் அதே தட்டில் இருக்க வேண்டும். அதைச் சுற்றி ஒன்றும் இல்லாமல் சாற்றுக் காகிதத்தைச் சுற்றி மட்டும் வட்டம் வந்தால், அதுவும் மூன்று தட்டிலும் வந்தால், அப்புறம் பேசலாம். மருந்து என்ற பேச்சு இப்போது வேண்டாம். உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். பினாயில் ஊற்றினாலும்தான் தட்டில் வட்டம் வரும், அதை யாரும் குடிப்பதில்லை.

கொடைக்கானல், ஆசிரியை: மலைப்பூண்டைக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் எதுவுமே வரவில்லை. எங்கள் பூண்டு புவிசார் குறியீடு வாங்கியது!

பூண்டு மேல் குற்றமில்லை டீச்சர், கொதிக்கவைத்ததுதான் காரணம். கிருமியைத் தடுக்கும் பொருளான அல்லிசின் முழுப் பல்லுக்குள் கிடையாது. அல்லியின் (alliin) என்ற மூலப்பொருள் ஓர் இடத்தில், அல்லினேஸ் என்ற நொதி வேறு இடத்தில் இருக்கும், நசுக்கினால்தான் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகும். பல்லை அப்படியே கொதிநீரில் போட்டால் வேலை செய்ய வேண்டிய நொதி முதலிலேயே போய்விடும். பச்சையாக நசுக்கி, 10 நிமிடம் விட்டு, ஆறிய தண்ணீரில் கலந்து வடிகட்டி அன்றே பயன்படுத்துங்கள். பிள்ளைகளிடம் கொதித்தது ஒரு தட்டு, பச்சை ஒரு தட்டு என்று கொடுத்தால் அதுவே அருமையான சோதனை. அல்லிசினை 1944-ல் கவல்லிட்டோ, பெய்லி என்ற வேதியியலாளர்கள் பிரித்தெடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூடலூர்: மஞ்சள் சாற்றைச் சுற்றி மஞ்சளாகவே வட்டம் வருகிறதே?

அது சாயம். வளர்ச்சி இல்லாத இடத்தை மட்டும் அளக்கவும்.

ஊட்டி: குக்கரில் 15 நிமிடம் வைத்த அகாரிலும் பூஞ்சை வந்துவிட்டது, ஏன்?

ஊட்டியில் 15 நிமிடம் போதாது, 40 நிமிடம் வையுங்கள். விசிலை எண்ண வேண்டாம். ஆவி நன்றாக வெளியே வந்த பிறகு வெயிட் போட்டு, அது ஆடத் தொடங்கியதிலிருந்து கணக்கு. அடியில் போதுமான தண்ணீர் இருக்கட்டும்.

மேட்டுப்பாளையம்: ஐயா, இது தவறு. 15 பவுண்டு வெயிட் என்றால் எந்த ஊரிலும் 15 பவுண்டுதான், உள்ளே 121 டிகிரிதான்.

வெயிட் பார்ப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. உங்கள் ஊரில் வெளிக்காற்று 14 பவுண்டுக்கு மேல், ஊட்டியில் கிட்டத்தட்ட 11 பவுண்டுதான். ஆகவே ஊட்டிக் குக்கருக்குள் மொத்த அழுத்தம் 26 பவுண்டு போல, வெப்பம் 117 டிகிரி அளவில் நின்றுவிடும்.

மேட்டுப்பாளையம்: நாலு டிகிரிக்காக 25 நிமிடம் கூடுதலா? நம்ப முடியவில்லை.

நம்புங்கள் ஐயா. 10 டிகிரி குறைந்தால், வெப்பம் தாங்கும் கிருமி வித்துகளை (ஸ்போர்) கொல்ல ஏறக்குறைய 10 மடங்கு நேரம் வேண்டும், அந்தக் கணக்கில் 4 டிகிரிக்கு இரண்டரை மடங்கு. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்தவர்களைக் கேளுங்கள், தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

கோத்தகிரி, மாணவன்: கழிப்பறைக் கதவிலிருந்தும் என் தொண்டையிலிருந்தும் பஞ்சில் எடுத்து வளர்க்கலாமா சார்?

கூடாது. தொண்டை, புண், கழிப்பறை எதுவும் வேண்டாம். உடம்பில் நோய் தரக்கூடியது எது வளர்கிறது என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. பேக்கரி ஈஸ்ட் போதும். அது வளர்வதற்கான கூழுக்கு 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்த தண்ணீர், 20 கிராம் குளுக்கோஸ், 15 கிராம் அகார், மொத்தம் 1 லிட்டர். குளிருக்குப் பல்பு போட்ட மரப்பெட்டி வைத்துக்கொள், ஆனால் 25 முதல் 28 டிகிரிக்கு மேல் போகாதே. 37 நம் உடம்புக் கிருமிகளுக்குப் பிடித்த வெப்பம்.

குன்னூர், வேறொருவர்: வேப்பிலை ஸ்பிரிட் சாறு, 20 மில்லிமீட்டர் வட்டம்!

வெறும் ஸ்பிரிட் காகிதம்? முதல் பதிலைப் படியுங்கள்.

அருவங்காடு: துளசி ஸ்பிரிட் சாறு, 17.

அதே பதில்தான். இனி வெறும் ஸ்பிரிட் காகிதம் இல்லாத அளவுகளுக்குப் பதில் எழுதமாட்டேன்.

ஊட்டி, பத்தாம் வகுப்பு மாணவி: கற்பூர மரத் தைலம் (யூகலிப்டஸ்) வாசனையே மூக்கைத் திறக்கிறது, தட்டில் மட்டும் சின்ன வட்டம். ஏன்?

நல்ல கேள்வி கண்ணு. அகாரில் பெரும்பகுதி தண்ணீர், அதற்குள் எண்ணெய் எளிதாகப் பரவாது. தைலத்தின் பலம் அதன் ஆவியில். தட்டைக் கவிழ்த்து, மூடியின் உட்புறம் காகிதத்தை வைத்து அதில் இரண்டு சொட்டு விடு, அகாரைத் தொடக்கூடாது. தைலம் இல்லாத தட்டைத் தனிப் பெட்டியில் வை, இல்லாவிட்டால் ஆவி அங்கேயும் போகும். வளர்ந்த தட்டைத் திறக்காதே, டேப் ஒட்டியபடியே அள. முடிந்ததும் 40 நிமிடம் குக்கரில் வைத்துவிட்டுத்தான் குப்பைக்கு. அந்தக் குக்கர் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

மேட்டுப்பாளையம்: சரி ஐயா, தெர்மாமீட்டரோடு மலை ஏறி வருகிறேன்.

வாருங்கள். குக்கருக்குள் வைக்க, எட்டிய உச்சத்தைப் பிடித்துக்காட்டும் வகை வேண்டும், சாதாரணத் தெர்மாமீட்டர் உடைந்துவிடும்.