ஸ்லாட் மெஷின்: அசலா, நகலா?

காசு போட்டுக் கைப்பிடியை இழுத்துச் சூதாடும் பழைய ஸ்லாட் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுவது என் பல வருடப் பைத்தியம். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் வாட்லிங் கம்பெனியின் ‘ரோல்-ஏ-டாப்’ மாடல் மெஷின் பார்த்தேன். கொம்பிலிருந்து தங்க நாணயம் கொட்டுகிற முகப்பு, பளபளவென்று இருக்கிறது. 1930களில் செய்தது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்தப் பளபளப்புதான் இடிக்கிறது. நகல் செய்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த மாடல் இது. அசல் முகப்பையே மணலில் பதித்து அதில் அலுமினியம் ஊற்றுவார்கள். ஆறும்போது அலுமினியம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குபோலச் சுருங்கும். 40 செ.மீ. அகலத்தில் அரை சென்டிமீட்டர் காணாமல் போகும். நாணயத்தின் எழுத்துகளும் மழுங்கிவிடும். எனவே அசலின் அளவைத் தெரிந்துகொண்டு டேப்போடு போங்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் ரிப்பேரில் மாற்றியதாகவும் இருக்கலாம். பின்கதவைத் திறந்து மெக்கானிசத்தைப் பார்க்காமல் மட்டும் பணம் கொடுக்காதீர்கள். என் முதல் மெஷினை நான் அப்படித்தான் வாங்கினேன், அசல் விலை கொடுத்து. வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ‘கோல்டன் நகெட்’ பெயர் போட்ட மில்ஸ். பெட்டி புதிது, உள்ளே பழையது என்கிறார்களே, மதிப்பு உண்டா சார்?

பதில்: உண்டு. சிகாகோ மில்ஸ் கம்பெனியின் அசல் மெக்கானிசத்தைப் புதுப் பெட்டிக்குள் வைத்தவை இந்தப் பெயரில் நிறைய உலவுகின்றன. சேகரிப்பாளர் அசல் விலை தரமாட்டார். ஆனால் ஓட்டிப் பார்க்க அருமையான மெஷின். கைப்பிடியை இழுத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் ‘கிர்ர்’ என்று ஓட, படம் ஒட்டிய மூன்று சுழல் உருளைகளும் (ரீல்கள்) ஒன்றன்பின் ஒன்றாக டக், டக், டக் என்று நிற்க வேண்டும். நடுவில் திணறினால் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். மேலே மேலே எண்ணெய் அடிக்காதீர்கள், கழற்றிக் கழுவ வேண்டும். முழுக்க நகலானவற்றில் பல்சக்கரமே மட்டமான உலோகமாக இருக்கும். தேய்ந்தால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதுதான். மில்ஸுக்கு இன்றும் கிடைக்கிறது.

கேள்வி: ஸ்லாட் மெஷின் செய்த முன்னோடி சார்லஸ் ஃபேயின் ‘லிபர்ட்டி பெல்’ மெஷின், வார்ப்பிரும்பு, 600 டாலர். வாங்கலாமா?

பதில்: அலங்காரத்துக்கு என்றால் வாங்குங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபேயின் பட்டறையே 1906 பூகம்பத்தில் அழிந்தது. அவர் கையால் செய்தவற்றில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று 600 டாலருக்கு வராது, தம்பி.

கேள்வி: கலிஃபோர்னியாவில் வீட்டில் வைத்திருந்தால் சிக்கல் வருமா?

பதில்: அங்கே 25 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், அதில் சூதாடவும் கூடாது. நகலுக்கு அதன் சொந்த வயதுதான் கணக்கு, முகப்பில் இருக்கும் பழைய வருடம் அல்ல. வேறு மாநிலம் என்றால் அங்குள்ள சட்டத்தைப் பாருங்கள், சில இடங்களில் அறவே தடை.

கேள்வி: ரீலில் ஒட்டிய படத்தாள் புதிது. விலை குறையுமா?

பதில்: பெரிதாகக் குறையாது. அசல் தாள் கிழிந்து போவது சகஜம். பழைய தாளில் ஏதாவது மிச்சம் இருந்தால் மட்டும் உரித்துப் போட்டுவிடாதீர்கள்.