மனநல மருத்துவரிடம் போனால் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20, ஹாஸ்டல்வாசி. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. மனநல மருத்துவரிடம் போனால் கல்லூரிக்குத் தெரிந்து, கேம்பஸ் இன்டர்வியூ பாதிக்குமோ என்று பயம். 'ரெக்கார்டே இருக்காது' என்று சீனியர், டாக்டர் அல்லாத ஒரு லைஃப் கோச்சைச் சொல்கிறார். முழுப் பேக்கேஜுக்கும் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள்.

உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. முதல்வரோ வார்டனோ போன் போட்டுக் கேட்டார் என்பதற்காகச் சொல்ல முடியாது. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் எடுத்துப் பார்க்க நோயாளிகள் பட்டியல் என்று எதுவும் கிடையாது. வீட்டில் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதிலும் உங்களுக்கு உரிமை உண்டு. அக்காவோ நம்பகமான நண்பரோ, சம்மதிக்கும் ஒருவரை, சிகிச்சை விவரம் தெரிந்துகொள்ளும் உங்கள் பிரதிநிதியாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலே போதும்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால், அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் மருத்துவர் பிறரிடம் சொல்லலாம். இதைக் கேள்விப்பட்டதும் பலர் 'சாகலாம் போலிருக்கிறது' என்பதையே மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அப்படிச் சொன்ன மாத்திரத்தில் யாரும் வீட்டுக்குப் போன் போடுவதில்லை. எப்போது தோன்றுகிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று பொறுமையாகக் கேட்பார்கள். ஆபத்து நெருக்கத்தில் இருந்தால்தான் இன்னொருவரை அழைப்பார்கள்.

இப்போது அந்தக் கோச். இந்த ரகசியக் கடமை மருத்துவத் துறையினரைக் கட்டுப்படுத்துகிறது. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரை எது கட்டுப்படுத்தும்? பணமும் போய், நோயும் முற்றியபின் என்னிடம் வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. ரெக்கார்டு இல்லை என்றால், தவறு நடந்தால் கேட்கவும் ஆதாரம் இல்லை என்றுதான் பொருள். யாரிடம் போனாலும் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) எண். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரிக் கவுன்சிலரிடமும் இந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் பாடம் நடத்தும் பேராசிரியர் தலையிலேயே அந்தப் பொறுப்பையும் கட்டி, கதவில் போர்டு மாட்டுகிறார்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்?

ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மனஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மருத்துவர் மாத்திரை தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். வருகைப்பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால், நோயின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.