கலைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் நகரத்துக்குள் குடியிருப்பு கட்டினால், அதை எப்படி வடிவமைக்க வேண்டும்?

11 வருடமாகச் சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஓவியம் வரைகிறேன். என்னைக் கேட்டால், படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

போன வீடு இரண்டாவது மாடி. வீட்டிலேயே சட்டம் அடித்து வரைந்த ஆறடிக்கு ஐந்தடி கேன்வாஸைக் கண்காட்சிக்கு இறக்கும்போது, படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மறுபடி மேலே ஏற்றி, பின்பக்கத்துப் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வண்ணம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி சுருட்டி எடுத்துப்போனேன். திரும்ப இழுத்துக் கட்டியபோது நடுவில் விரல் நீளத்துக்கு வண்ணம் வெடித்திருந்தது. மூன்று மாத உழைப்பு.

நியூயார்க்கில் வெஸ்ட்பெத் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெல் ஆய்வகம் காலி செய்த பழைய கட்டடங்களைக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் 384 வீடுகளாக மாற்றினார். 1970-இல் கலைஞர்கள் குடிவந்தார்கள். அறைகளைப் பிரிக்கவே இல்லை, பெரும்பாலும் வெறும் கூடம்தான். எங்கே படுப்பது, எங்கே வேலை செய்வது என்பது குடிவருகிறவர் பாடு. நடு முற்றத்தின் கூரையை எடுத்துவிட்டதால் உள்பக்க வீடுகளுக்கும் வெளிச்சம் கிடைத்தது. லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் வாடகை எகிறிய பிறகும் இங்கே கட்டுக்குள் இருக்கிறது. அதனாலேயே யாரும் எளிதில் காலி செய்வதில்லை. இளம் வயதில் வந்த பலர் அங்கேயே முதியவர்களானார்கள். ஆக, லிஃப்டும் கைப்பிடியும் முதல் நாளே வரைபடத்தில் இருக்கட்டும்.

அங்கே நடந்த ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். 2012-இல் சாண்டி புயலின்போது வெள்ளம் தரைக்குக் கீழே உள்ள தளத்துக்குள் புகுந்தது. அங்கேதான் பட்டறைகளும் சேர்த்து வைத்த படைப்புகளும் இருந்தன. பலருடைய பல வருட வேலை நாசமானது. சென்னையில் 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கட்டினால் படைப்புகளை வைக்கும் அறை முதல் மாடிக்குக் கீழே வரவே கூடாது. தரைத்தளத்தைப் பறை, தவில், நாடக ஒத்திகைக்கு விடுங்கள்; தடித்த சுவர் வையுங்கள்.

சரி, நிலம்? 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த ஓவியர்களும் பாத்திக் துணி விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் இடம் வாங்கிச் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி வாங்க முடியாது. அரசு தன்னிடம் பூட்டிக் கிடக்கும் குடோன் ஒன்றை நீண்ட காலக் குத்தகைக்குத் தரட்டும். உயரமான கூரையும் லாரி வந்து நிற்கும் அகலத்துக்கு வாசலும் அதில் ஏற்கெனவே இருக்கும்.