மூன்று சாவியும் ஒரே அலுமாரியில் இருந்தால் அது ஒரு சாவிதான்

கேள்வி: நான் தலவாக்கலையைச் சேர்ந்தவள், கொழும்பில் மென்பொருள் வேலை செய்கிறேன். அண்ணன் துபாயில். ஊரில் வீடு கட்டுவதற்காக இருவருமாக நான்கு வருடம் சிறுகச் சிறுகப் பிட்காயின் சேர்த்திருக்கிறோம். எல்லாம் ஒரே வாலட்டில். அதைத் திறக்கும் 12 சொற்களை அண்ணன் கொப்பித் தாளில் எழுதி, அம்மாவின் காம்பராவில் அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார். படமெடுத்து எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பல சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் மல்டிசிக் வாலட்டுக்கு மாறினால் பாதுகாப்பு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாறலாமா?

பதில்: மாறலாம் தங்கச்சி. உங்கள் நிலைமைக்கு மாறுவதுதான் சரி. ஆனால் அதற்கு முன் அவசர வேலை ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போன படம் இரண்டு போன்களிலும், அவற்றின் கிளவுட் சேமிப்பிலும் இருக்கக்கூடும். அந்தச் சொற்களைப் பார்த்தவருக்கு உங்கள் போனும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், பணத்தை எடுத்துவிடலாம். படத்தை அழித்தால் போதாது. இன்றே புது வாலட் ஒன்றை உருவாக்கி, அதன் சொற்களைத் தாளில் மட்டும் எழுதி, பணத்தை அங்கே அனுப்பிவிடுங்கள். மல்டிசிக்கை அப்புறம் ஆற அமரச் செய்யலாம்.

நம் தோட்டக் கோயில் கணக்கை நினைத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் வங்கி பணம் கொடுக்கும். மூன்றில் இரண்டு என்ற மல்டிசிக்கும் அப்படித்தான். மூன்று சாவிகளில் ஏதாவது இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும். ஒன்று தொலைந்தால் பணம் போகாது, ஒன்று திருடுபோனாலும் போகாது. இப்போது உங்களிடம் இருப்பது அந்த 12 சொற்களாகிய ஒற்றைச் சாவி. அது தொலைந்தாலும் முடிந்தது, களவு போனாலும் முடிந்தது. கோயில் கணக்கில் புத்தகம் தொலைந்தால் வங்கி முகாமையாளரிடம் போய் நிற்கலாம். இங்கே போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. இதிலுள்ள ஆபத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்திருக்கிறது.

அந்தக் கொப்பித் தாளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒருவர் இப்படியொரு தாளை என்னிடம் கொண்டுவந்தார். தகரக் கூரை ஒழுகி, ஏழாவது சொல் நீல மையாகக் கரைந்து பரவியிருந்தது. ஒரு சொல் என்பதால் தப்பினார். இந்தச் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலில் உள்ள 2048 சொற்களையும் அந்த இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க மென்பொருள் உண்டு. பாதித் தாள் போயிருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. இன்னொன்று, சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். அந்தப் பட்டியல் தமிழில் கிடையாது. இருக்கைக்கும் விதைக்கும் உள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களும் அதில் இருக்கின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'சீட்' என்றுதான் வரும்.

மழை மட்டுமல்ல. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே எரிகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போயின. ஆகவே நம் மலைகளில் சாவிகளைப் பிரித்து வைப்பது என்றால், வேறு வேறு அலுமாரியில் அல்ல, வேறு வேறு ஊரில்.

மல்டிசிக் என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2022 மார்ச்சில், ஒரு கிரிப்டோ வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் கடத்தும் ரோனின் பாலத்தில் 9 சாவிகளில் 5 இருந்தால் பணம் நகரும் என்ற ஏற்பாடு இருந்தது. நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் திருடர்களுக்கு வேலை சுலபமாயிற்று. 60 கோடி டொலருக்கு மேல் போனது. 2025 பெப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டொலரை இழந்தது. அங்கே சாவிகள் திருடுபோகவில்லை. கையொப்பமிட்டவர்களின் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது, உள்ளே வேறு கட்டளை ஓடியது. அதனால் நீங்களும் அண்ணனும் கையொப்பமிடும் ஒவ்வொரு முறையும், கணினித் திரையை அல்ல, சாவியை உள்ளே வைத்திருக்கும் ஹார்ட்வேர் வாலட் என்ற சிறு சாதனத்தின் சின்னத் திரையில் வரும் முகவரியையும் தொகையையும் பாருங்கள். அதை இருவரும் போனில் பேசி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. முதல் சாவி கொழும்பில் உங்களிடம், இரண்டாவது துபாயில் அண்ணனிடம். மூன்றாவதை அம்மாவிடம் வைக்கத்தான் மனம் சொல்லும். நான் வேண்டாம் என்பேன். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர் நீங்கள், அலுமாரியைத் திறந்தால் உங்கள் கையில் இரண்டு சாவி. நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் பணத்தால் ஒரு சந்தேகம் முளைக்க இடம் வைக்கக் கூடாது. ஹட்டனிலோ பதுளையிலோ இருவரும் ஒரே மாதிரி நம்பும் தாய்மாமா ஒருவர் இருந்தால், மூன்றாவது சாவியின் சொற்களை எஃகுத் தகட்டில் பொறித்து, உறையிலிட்டு, இருவரும் உறையின் மேல் ஒப்பமிட்டு அவரிடம் கொடுங்கள். உங்களில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால், மற்றவரும் மாமாவுமாகப் பணத்தை மீட்கலாம். ஒற்றைச் சாவியில் இந்த வழி இல்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு சாவிகளின் சொற்கள் மட்டும் கையில் இருந்தால் வாலட்டை மீட்க முடியாது. மூன்றாவது சாவியின் பொது விசையும் வேண்டும், அதாவது பணத்தை எடுக்க உதவாத, முகவரிகளைக் கண்டுபிடிக்க மட்டும் உதவும் அதன் மறுபாதி. வாலட்டை உருவாக்கும்போது மூன்று பொது விசைகளும் அடங்கிய அமைப்புக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதன் பிரதியை மூன்று இடங்களிலும் சாவியோடு வையுங்கள். அது பிறர் கையில் போனால் உங்கள் இருப்பு தெரியவரும், பணம் போகாது.

ஹார்ட்வேர் வாலட் சாதனங்களை அவற்றின் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள், பாவித்தது வேண்டாம். சேமிப்பு சிறு தொகையாக இருந்திருந்தால் ஒரு ஹார்ட்வேர் வாலட்டும் இரண்டு ஊர்களில் இரண்டு தகடுகளும் போதும் என்றிருப்பேன். வீட்டுக்கான பணம் என்பதால் இந்தச் சிரமம் தகும்.

அண்ணன் அடுத்த முறை லீவில் வரும்போது மாமாவையும் அழைத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். முதலில் கொஞ்சப் பணம் மட்டும் புது வாலட்டுக்கு அனுப்புங்கள். பிறகு உங்கள் சாதனத்தை முழுதாக அழித்து, எழுதி வைத்த உங்கள் சொற்களையும் அமைப்புக் கோப்பையும் மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். உங்கள் சாவியும் மாமாவின் சாவியும் சேர்ந்து அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள், அண்ணனுடையதும் மாமாவுடையதும் சேர்ந்து முடிகிறதா என்றும் பாருங்கள். சோதனை முடிந்ததும் மாமாவின் உறையை ஒட்டிவிட்டு, மிச்சப் பணத்தை அனுப்புங்கள்.