சிறுநீரகப் பத்தியச் சாப்பாட்டை வீட்டில் விரும்பி உண்ணும்படி சமைக்க முடியுமா?

"அப்பாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு நான்காம் கட்டத்தில் இருக்கிறது. உப்பு, பொட்டாசியம், புரதம் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னதிலிருந்து அவர் தட்டில் கை வைக்காமலே எழுந்துவிடுகிறார். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வீட்டுச் சாப்பாட்டை விரும்பி உண்ண வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நானும் அதே நான்காம் கட்டத்தில் இருப்பவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எனக்கு வயது 59. மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். பல ஆண்டு இரத்த அழுத்தத்தால் சிறுநீரகங்கள் பழுதாகி, நான்கு ஆண்டுகளாகப் பத்தியத்தில் இருக்கிறேன். என்னுடன் வசிக்கும் என் அண்ணன் நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இருவருக்கும் இருவேறு கணக்கு, அடுப்பு ஒன்றுதான். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் இந்தச் சமையலை நாள்தோறும் மூன்று வேளையும் செய்து பார்த்தவள்.

நோய் உறுதியான முதல் மாதத்தில் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலை அனுப்பினார். வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு, தேங்காய், புளி, பால், மீன், முட்டை என்று அதில் விலக்கச் சொன்னவற்றையெல்லாம் விலக்கிப் பார்த்தால், சோறும் அவித்த முட்டைக்கோசும்தான் மிஞ்சின. அவற்றையே இரண்டு மாதம் உண்டு ஐந்து கிலோ எடை குறைந்தேன். மருத்துவமனையின் உணவியல் நிபுணர் என்னைப் பார்த்ததும் முதலில் கவலைப்பட்டது என் மெலிவைக் கண்டுதான். ஊட்டம் குறைந்து தசை கரைவதும் இந்த நோயில் பெரிய ஆபத்து என்று அன்றுதான் அறிந்தேன். என் பரிசோதனை அறிக்கையில் பாஸ்பேட் அளவு சரியாகவே இருந்தது. பொட்டாசியம் மட்டும் மேல் எல்லையை ஒட்டி நின்றது. நான் பாலை முற்றிலும் நிறுத்தியதற்கோ, முட்டையைக் கண்டு அஞ்சியதற்கோ எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஆகவே, உங்கள் அப்பாவின் அறிக்கையில் எந்த எண் ஏறியிருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறாத ஒன்றுக்காக அவருக்குப் பிடித்ததை எடுத்துவிடாதீர்கள்.

உப்பை மட்டும் ஏறக்குறைய எல்லாரும் குறைத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் எல்லாம் அடங்க வேண்டும். குழம்பில் போடும் உப்பு மட்டும் அந்தக் கணக்கில்லை. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் (சோயா சாஸில்) மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் அளவில் ஏறக்குறைய பாதி அது. பெலாச்சான் எனும் இறால் விழுது, கருவாடு, அப்பளம், ஊறுகாய், பாக்கெட் மீ (உடனடி நூடுல்ஸ்) ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொண்டு குழம்பில் மட்டும் உப்பைக் குறைப்பது வீண். நான் முதலில் இவற்றைத்தான் நிறுத்தினேன். அதனால் குழம்புக்குக் கொஞ்சம் உப்பு மிச்சமாயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். உப்பில்லாத சோற்றைத் தாங்க முடியாமல், பேரங்காடியில் 'குறைந்த சோடியம்' என்று எழுதியிருந்த ஓர் உப்பை வாங்கி வந்து மூன்று வாரம் தாராளமாகப் பயன்படுத்தினேன். அடுத்த பரிசோதனையில் என் பொட்டாசியம் 6.1 ஆக இருந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது அது. அன்றே இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்து, மருந்து கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருந்தது பொட்டாசியம் குளோரைடு. உடல்நலம் உள்ளவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. உங்கள் சமையலறையில் அப்படி ஏதேனும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

காய்கறிகளைப் பொறுத்தவரை, என் அம்மாவிடம் கற்ற ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. காய் வெந்த தண்ணீரில்தான் சத்து இருக்கிறது, அதைக் கொட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். பருப்பு வெந்த தண்ணீரை ரசத்துக்கும், கீரைத் தண்ணீரைச் சூப்புக்கும் எடுத்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா சொன்னது உண்மை. பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. அதனால்தான் இப்போது அதைக் கொட்ட வேண்டியிருக்கிறது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். முழுக்கிழங்கை வெறுமனே ஊறவைப்பதால் பெரிய பயனில்லை. நறுக்குவதும் வேகவைப்பதும்தான் வேலை செய்கின்றன. குக்கரில் வைத்துத் தண்ணீரை உள்ளேயே சுண்டவிட்டாலும் பயனில்லை. அகலமான பாத்திரத்தில் திறந்து வேகவைத்து, வடிதட்டில் கொட்டி வடிக்க வேண்டும். பருப்பையும் அப்படித்தான் செய்கிறேன். துவரம் பருப்பை முற்றிலும் விட்டுவிட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு சிறு கைப்பிடி என்று அளந்து, சுரைக்காயையும் சின்ன வெங்காயத்தையும் நிறையச் சேர்த்துச் சாம்பார் வைக்கிறேன். பருப்பில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். பதப்படுத்திய இறைச்சியிலும் கருநிறக் குளிர்பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் அநேகமாக முழுவதும் சேர்ந்துவிடும். பாஸ்பேட் ஏறியவர்கள் முதலில் நிறுத்த வேண்டியவை அவைதான்.

வடித்துக் கொட்டிய காயில் ருசி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். தாளிப்பிலிருந்து வரும். எண்ணெயில் பொட்டாசியம் இல்லை. கடுகு, சீரகம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், இடித்த பூண்டு ஆகியவற்றைத் தாளிக்கும் அளவில் அஞ்ச வேண்டியதில்லை. முன்பெல்லாம் வெந்த காயில் தாளிப்பை மேலாக ஊற்றுவேன். இப்போது நன்றாக வடித்த காயைத் தாளித்த எண்ணெயிலேயே கொட்டி, ஓரம் சிவக்கும்வரை பெருந்தீயில் பிரட்டுகிறேன். பீர்க்கங்காய், புடலங்காய், கத்தரிக்காய், முட்டைக்கோஸ், தௌகே எனும் முளைப்பயறு ஆகியவை என் வாரம் முழுவதும் வருகின்றன. செங்குவாங் (ஜிக்காமா) கிழங்கை மெல்லிய சீவலாகச் சீவி, கடுகு தாளித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மிக நன்றாக இருக்கும்.

மீன் குழம்பை நான் விடவில்லை. விட்டிருந்தால் இந்த நான்கு ஆண்டுகளைக் கடந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். முன்பு நான்கு பேருக்கு மூன்று தக்காளி, ஒரு குவளைக் கெட்டித் தேங்காய்ப்பால், இரண்டு தேக்கரண்டி உப்பு, எலுமிச்சையளவு புளி போடுவேன். பட்டியலைப் பார்த்தவுடன் முதலில் புளியைத்தான் நிறுத்தினேன். குழம்பு குழம்பாகவே இல்லை. பிறகு உணவியல் நிபுணருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நடுத்தரத் தக்காளி ஒன்றில் சுமார் 290 மில்லிகிராம் பொட்டாசியம்; நான்கு பேர் குழம்புக்கான 10 கிராம் புளியில் 60 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். குற்றம் தக்காளியிலும் தேங்காய்ப்பாலிலும் இருக்க, நான் புளியைத் தண்டித்துக்கொண்டிருந்தேன். இப்போது நல்லெண்ணெயில் வெந்தயமும் சோம்பும் பொரித்து, ஒரு பெரிய கைப்பிடிச் சின்ன வெங்காயத்தைக் கால் மணி நேரம் சிறுதீயில் பொன்னிறமாக வதக்குகிறேன். தக்காளி தரவேண்டிய இனிப்பையும் கெட்டித்தன்மையையும் அந்த வெங்காயமே தந்துவிடுகிறது. பாதித் தக்காளி நிறத்துக்காக. கறித்தூளை வீட்டிலேயே வறுத்து அரைக்கிறேன். கடைப் பொட்டலம் வாங்கினால் உப்பு சேர்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கத்தரிக்காயும் புளித்தண்ணீரும் சேர்ந்து கொதித்தபின் கெம்போங் எனப்படும் கானாங்கெளுத்தி மீனைப் போட்டு, அடுப்பை அணைக்கும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்ப்பாலை வாசனைக்காக ஊற்றுகிறேன். அரைத் தேக்கரண்டி உப்பைக் கடைசியில்தான் போடுகிறேன். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்ட உப்பைவிட அது நாவில் கூடுதலாகத் தெரிகிறது.

முதல் சில வாரங்களுக்கு எதுவும் சப்பென்றுதான் இருக்கும். எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பின் கடைக் குழம்புதான் கரித்தது. அப்பாவிடம் இந்தக் கால அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் என்று எண்ணித்தான் பலரும் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

தோசை ஒரு வரம். நம் ஊர் வெப்பத்தில் மாவு ஓர் இரவில் நன்றாகப் புளித்துவிடுகிறது. அந்தப் புளிப்பு இருப்பதால் வழக்கமான உப்பில் கால் பங்கே போதுமாக இருக்கிறது. தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக வதக்கிய வெங்காயத்தில் சிறிது புளி வைத்து அரைக்கிறேன். சோற்றில் ஒரு விஷயம்: நீரிழிவுக்கு நல்லதென்று பழுப்பரிசிக்கு மாறியவர்கள், பொட்டாசியமோ பாஸ்பரஸோ ஏறியிருந்தால், அதைப் பற்றி மருத்துவமனையில் கேளுங்கள், அவை வெள்ளை அரிசியில்தான் குறைவு.

புரத அளவு, டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் தலைகீழாக மாறும். எனக்கு ஒரு நாளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம், உள்ளங்கையளவு மீன் துண்டு ஒன்று மதியத்துக்கு. டயாலிசிஸில் புரதம் இழக்கப்படுவதால் அண்ணனுக்கு 1 முதல் 1.2 கிராம், அவருக்கு இரண்டு துண்டு மீனும், மிளகும் வெங்காயமும் போட்ட முட்டை வெள்ளைக்கருப் பொரியலும். பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அண்ணனுக்குத் தண்ணீரும் அளவுதான். ரசமும் மோரும் கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதை எங்கள் வீட்டில் வெகு காலம் யாரும் எண்ணவில்லை. டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் எடை கூடியிருந்ததற்கு அதுவே காரணம். சாப்பாட்டில் உப்பு குறைந்த பின்தான் அவருடைய தாகமும் அடங்கியது. இப்போதெல்லாம் வெயில் நேரத்தில் ஒரு பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சமாளித்துவிடுகிறார்.

அன்போடு வருகிறவர்கள் கொண்டுவருவதில் கவனமாக இருங்கள். வாழைத்தண்டுச் சாறும், பூனைமீசை என்று நாம் சொல்லும் மிசாய் கூச்சிங் தேநீரும் சிறுநீரகத்துக்கு நல்லவை என்று எனக்கும் வந்தன. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம் வேறு, எங்கள் நோய் வேறு. பூனைமீசை இலையில் பொட்டாசியமும் மிகுதி. எல்லாவற்றையும்விட, பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத ஒரு நச்சு அதில் இருக்கிறது; ஓயாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம்வரை நேர்ந்திருக்கிறது. மீன் குழம்பில் போடும் பெலிம்பிங் பூலோவிலும் (பிலிம்பிக்காய்) சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்பதால் அதையும் விட்டுவிட்டேன். அன்னாசியும் ஆப்பிளும் நீர் ஆப்பிள் எனும் ஜம்பு ஆயரும் அளவோடு எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் நாசி கண்டார். காவடிபோல் தோளில் கம்பு சுமந்து தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் விற்றுத் தொடங்கிய பினாங்குச் சாப்பாடு அது. கறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக் கலப்பதில்தான் அதன் சுகம். கடையில் அப்படி ஊற்றிக்கொண்டால் உப்புக் கணக்கு ஒரே வேளையில் முடிந்துவிடும். ஆகவே வீட்டில் மீன் குழம்பு ஒன்று, கோழிக் குழம்பு ஒன்று, இரண்டையும் குறைந்த உப்பில் வைத்து, இரண்டு கரண்டி வீதம் கலந்து ஊற்றிக்கொள்கிறோம். என் மகனும் மருமகளும் அதே பானையிலிருந்துதான் உண்கிறார்கள். உப்பு போதாதவர்கள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்வார்கள். எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் சமைத்து, தனியாக வைத்த நாள்களில்தான் நானும் உங்கள் அப்பாவைப் போலத் தட்டைத் தள்ளினேன்.

அடுத்த முறை உணவியல் நிபுணரைப் பார்க்கப் போகும்போது, எதைச் சாப்பிடக் கூடாது என்று மட்டும் கேட்காதீர்கள். அப்பாவுக்கு மிகவும் பிடித்த மூன்று குழம்புகளின் பெயரையும், அவற்றில் நீங்கள் போடும் பொருள்களின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றிலும் எதைக் குறைத்தால் அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது உண்ணலாம் என்று கேளுங்கள்.