படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லலாமா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். எங்காவது குண்டுவெடிப்பு என்று செய்தி வந்துவிட்டால் அன்றைக்கு வகுப்புக்குப் போகவே தயங்குகிறாள். 'எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க உம்மா' என்கிறாள். படிப்பு போதும், வா என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அதற்காக 'எல்லாம் உன் நினைப்புதான்' என்றும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பயம் காற்றில் வந்ததல்ல.

2015 நவம்பரில், பாரிஸ் தாக்குதல் நடந்து பத்து நாள்கூட முழுதாக ஆகாத நேரத்தில், பிரிட்டனின் 'சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்புப் போட்டது: பிரிட்டன் முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவருக்கு ஜிகாதிகள் மேல் அனுதாபமாம். அதற்கு ஆதாரமாகக் காட்டிய கருத்துக்கணிப்பில் ஜிகாதி என்ற சொல்லே கிடையாது. சிரியாவுக்குப் போய்ப் போராளிகளோடு சேரும் இளைஞர்கள் மேல் அனுதாபம் உண்டா என்றுதான் கேட்டார்கள், எந்தப் போராளிகள் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தத் தலைப்பு வாசகர்களைத் தவறாக வழிநடத்தியது என்று பத்திரிகைகளுக்கான ஒழுங்கு அமைப்பு 'இப்ஸோ' சொல்வதற்கு மறு வருஷம் மார்ச் ஆகிவிட்டது. அன்று ரயிலில் அந்தத் தலைப்பைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்? ஆனால் தலையில் துணியோடு எதிரே உட்கார்ந்திருந்த பெண் எல்லார் கண்ணிலும் பட்டிருப்பாள். அதே 2015-இல் ஸ்டாஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழக நூலகத்தில் பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர் ஒருவரை, புத்தகம் பயங்கரவாதத்தைப் பற்றியது என்பதால் விசாரித்திருக்கிறார்கள். அவர் படித்த பாடமே அதுதான்! பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில், அந்த மாதிரிச் செய்தித் துணுக்குகளை நீங்களே காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கொண்டிருந்தால் நிறுத்துங்கள். வகுப்பில் யாராவது 'நீ என்ன நினைக்கிறாய்' என்று துருவினால் அவள் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. அவள் படிக்கப் போனவள், உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லப் போனவள் அல்ல.

அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய மாணவர் சங்கமும் தொழுகை அறையும் உண்டு, காசில்லாமல் மனநல ஆலோசனையும் கிடைக்கும். யாராவது ஏசினால் தேதி, இடம் எழுதி வைத்துப் பல்கலைக்கழகத்தில் புகார் தரட்டும். போலீஸுக்கு 101, ஆபத்து என்றால் 999.

அப்புறம், போனில் மார்க்கை மட்டும் கேட்காமல், யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். தினமும் அறையில் தனியாகச் சாப்பிடுகிறாள், தூக்கமும் இல்லை என்றால், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். உடனே ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.