போரை விளையாட்டாக ஒளிபரப்பும் எதிர்காலத்தைக் காட்டும் நையாண்டிப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்? அவை இன்றும் பொருந்துமா?

பீட்டர் வாட்கின்ஸ் இயக்கிய ‘தி கிளாடியேட்டர்ஸ்’. 1969இல் சுவீடனில் எடுக்கப்பட்டது. இந்தப் பெயரை ஒட்டி வாள் சுழற்றும் ரோமாபுரிப் படங்கள் நிறைய உண்டு. தேடும்போது இயக்குநர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் உலகப் போர் வரக் கூடாது என்று வல்லரசுகள் கூடி ஓர் ஏற்பாடு செய்கின்றன. ஒவ்வொரு நாடும் தன் சிப்பாய்களில் ஒரு சிறு குழுவை அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு களத்தில் மோதிச் சாக வேண்டும். இதற்குப் பெயர் ‘சர்வதேச சமாதான விளையாட்டுகள்’. உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு, அனுசரணை ஒரு பாஸ்தா நிறுவனம். களத்தை ஒரு கணினி நடத்துகிறது. நமக்குக் காட்டப்படுவது 256ஆவது ஆட்டம். அந்த எண்ணைக் கேட்டதும் நான் படத்தைச் சற்று நிறுத்திவிட்டேன். முந்தைய 255 ஆட்டங்களுக்கு வந்தவர்கள் எங்கே?

பகை நாடுகளின் தளபதிகள் ஒரே அறையில் அமர்ந்து இதைப் பார்க்கிறார்கள். சாவுகள் அவர்களை அசைப்பதில்லை. எதிரெதிர் அணிகளைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் சண்டையை விட்டுவிட்டுச் சேர்ந்து வெளியேற முயலும்போதுதான் பதறுகிறார்கள்.

வாட்கின்ஸ் தொலைக்காட்சியை உள்ளிருந்து அறிந்தவர். பிரிட்டன் மீது அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று செய்திப்படப் பாணியில் 1965இல் பிபிசிக்காக ‘தி வார் கேம்’ எடுத்தார். அதற்கு ஆஸ்கார் விருதே கிடைத்தது. ஆனாலும் பிபிசி 1985 வரை அதைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை.

இன்றும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலைக்காரன். 2006 ஜூலை கடைசி வாரத்தில் எனக்குப் பதினான்கு வயது. கொழும்பில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் சங்கக்காரவும் மஹேலவும் ஆட்டமிழக்காமல் ஆடிக்கொண்டே இருந்தார்கள். அந்த இணைப்பாட்டம் 624 ஓட்டங்களில்தான் முடிந்தது, உலக சாதனை. அதே வாரம்தான் எங்கள் மாவட்டத்தில் மாவிலாறு அணைக்கட்டை ஒட்டிப் புலிகளின் நிலைகள் மீது இலங்கை விமானப்படையின் தாக்குதல் தொடங்கியது. உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: “எத்தனை?”

“முந்நூறைத் தாண்டிவிட்டது, சித்தப்பா.”

அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கேட்டது செத்தவர்களின் கணக்கு. நான் சொன்னது ஓட்டக் கணக்கு. ஒரே சொல், ஒரே பெட்டி, ஒரே மாலை. செய்தி வாசிப்பவர் இரண்டு கணக்கையும் ஒரே குரலில்தான் சொன்னார். நாங்கள் இரண்டையும் ஒரே காதால் கேட்கப் பழகியிருந்தோம். வாட்கின்ஸின் படத்தில் அந்தக் குரலை மறுபடி கேட்டேன். இரத்தத்தைவிட அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

இதற்குப் பிறகு நேரம் இருந்தால் 1965இல் வந்த இத்தாலியப் படம் ‘தி டென்த் விக்டிம்’ பாருங்கள். மனிதரை மனிதர் வேட்டையாடுவது அங்கே சட்டப்படி நடக்கும் ஆட்டம். கதாநாயகி தன் அடுத்த கொலையை ஒரு தேயிலை நிறுவனத்தின் விளம்பரமாக்கப் பார்க்கிறாள். 1975இன் ‘ரோலர்பால்’ எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நாடுகள் போய் நிறுவனங்கள் ஆளும் உலகம் என்ற யோசனை கூர்மையானது. ஆனால் ஆட்டக் காட்சிகளை அத்தனை விறுவிறுப்பாக எடுத்துவிட்டதால், கண்டிக்க வேண்டிய இடத்தில் நானே கைதட்டிவிடுவேன் போலிருந்தது. வாட்கின்ஸ் அந்தச் சுகத்தைத் தருவதில்லை. படம் வறண்டு, இழுத்து இழுத்துப் போகும். பொறுத்துக்கொண்டு பாருங்கள், அந்த வறட்சி வேண்டியே வைத்தது.

இந்தப் படங்களில் நான் தேடியும் காணாத ஒருவர் உண்டு. அன்று மாலை சித்தப்பா கேட்டதும் நான் சொன்னதும் உள்ளே சமையலறையில் இருந்த அம்மம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அவர் பிறந்த ஊர் குடாவுக்கு அக்கரையில், மூதூர்ப் பக்கம். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

“எந்த ஊராம்?” என்றார்.